பிரேக் இன்ஸ்பெக்டர் வருவதற்குள்

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். என் கடை வாசலில் என் வீட்டுக்காரர் வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்கிறது. இடது பக்க இண்டிகேட்டர் உடைந்து ஒயரோடு தொங்குகிறது. வண்டியைச் சுற்றி நாலைந்து ஆண்கள். ஆளாளுக்கு எனக்கு யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

“மொதல்ல அந்த லைட்டுக் கண்ணாடியத் தொடை மல்லிகா. மாட்டுப் பொங்கலுக்கு வச்ச சந்தனம் இன்னும் அப்பிக்கிட்டுக் கெடக்கு” என்கிறார் என் அண்ணன் தங்கராசு.

“பின்னாடி பல்பு போயிருக்கு பாருங்க. ஒன்ன எடுத்து மாட்டுங்க.”

“சைடு கண்ணாடி ரெண்டும் எங்க? கழட்டி வீட்டுல வச்சிருக்காரா? கொண்டாரச் சொல்லுங்க.”

“இண்டிகேட்டர மட்டும் தொடாத. அடிபட்டது அடிபட்ட மாதிரியே இருக்கட்டும். அப்பத்தான் நம்புவாங்க.”

கடைசியாகச் சொன்னதும் என் அண்ணன்தான். அவருக்கு இந்த மாதிரி விஷயங்களில் மூளை நன்றாக வேலை செய்யும்.

எனக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. இருபது வருடமாக மோட்டார் சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கிறேன். பல்பு, பிரேக் ஷூ, கண்ணாடி, இருட்டில் பளிச்சிடும் சிவப்பு ஸ்டிக்கர், எல்லாம் என் தலைக்கு மேலேயே தொங்குகின்றன. அத்தனையையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் ஓட்டுகிற வண்டியை ஒருநாளாவது நான் குனிந்து பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். மறுநாள் காலை பத்து மணிக்கு அதைப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பதால் பார்த்தேன். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து சோதிப்பார் என்று சொல்லியிருந்தார்கள்.

மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது காகிதத்தில் இருக்கிற பெயர். எங்கள் பக்கத்தில் அவர் பிரேக் இன்ஸ்பெக்டர்தான். ஒரு வண்டி யார் மேலாவது மோதிவிட்டால், அதில் பிரேக் பிடித்ததா, விளக்கு எரிந்ததா என்று பார்த்து எழுதிக் கொடுப்பது அவர் வேலை.

எங்கள் வண்டி அஞ்சலையின் மேல் மோதி அன்றைக்கு மூன்று நாள் ஆகியிருந்தது.

அஞ்சலை பக்கத்து ஊர். நாற்பது வயது இருக்கும். ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா போட்டிருந்தாள். வலது தொடை எலும்பு முறிந்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துப் படுக்கப் போட்டிருந்தார்கள். “வந்த வண்டியில லைட்டு எரியல” என்று அவள் சொன்னதை அவள் புருஷன் புகாராக எழுதிக் கொடுத்துவிட்டான்.

எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் வந்து நின்றது. விளக்கு எரியவில்லை என்றால் தப்பு என் வீட்டுக்காரர் மேல். கேஸ் வரும், வேலை போகும். விளக்கு எரிந்தது என்றால் தப்பு அஞ்சலை மேல். நடுரோட்டில் நெல்லைக் காயப்போட்டுவிட்டு வண்டி வருவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தவள் என்று ஆகிவிடும்.

எரியவில்லை. எனக்குத் தெரியும்.

விரல் காட்டுகிறவர்கள்

போன வாரம் இந்தத் தொடரில் கடை திறந்த புதிதில் நடந்த கூத்துகளை எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “உங்களுக்குக் கோபமே வராதா?” என்று கேட்டிருந்தார். வரும் அம்மா. இந்த வாரம் முழுக்க அதுதான்.

அந்த வண்டி வாங்கி ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. இப்போது வருகிற வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கிற சுவிட்ச் கிடையாது. இன்ஜின் ஓடினால் விளக்கு எரியும். பட்டப்பகலிலும் எரியும். எதிரே வருகிறவன் கண்ணில் வண்டி படட்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள்.

நம் ஜனங்களுக்கு அது பொறுக்குமா? பகலில் ஒரு விளக்கு எரிந்தால் ஊருக்கே வயிறு எரியும். எதிரே வருகிறவன் கையைத் தூக்கி, ஐந்து விரலையும் மடக்கி மடக்கி விரிப்பான். “லைட்டு எரியுது” என்று அர்த்தம். டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் விரலைக் காட்டுவார். நாற்று நடுகிற பெண்கள் வயலிலிருந்து நிமிர்ந்து காட்டுவார்கள். ஒருமுறை ஒரு சாவு ஊர்வலத்தில், பாடைக்கு முன்னால் சங்கு ஊதிக்கொண்டு போனவர் சங்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் காட்டினார்.

வேறு யாராக இருந்தாலும் கண்டுகொள்ளாமல் போயிருப்பார்கள். என் வீட்டுக்காரர் ராஜேந்திரன் அப்படிப் போகத் தெரியாதவர். தெருநாய் குறுக்கே வந்தாலும் “போங்க போங்க” என்று மரியாதையாகச் சொல்லி ஓட்டுகிற மனுஷன். விரல் காட்டுகிற ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டி, “தெரியுங்க, இந்த வண்டி அப்படித்தாங்க” என்று பதில் சொல்லிக்கொண்டே போவார். சில நேரம் வண்டியை நிறுத்தியே விளக்கம் சொல்லுவார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

நீடாமங்கலம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். போகிற வழி முழுக்க விரல். இவர் தலையாட்டுகிறார், பேசுகிறார், தலையாட்டுகிறார். மண்டபத்து வாசலில் இறங்கியதும் நான் வெடித்துவிட்டேன்.

“நாளைக்கே பக்கத்து ஷெட்டு பாய்கிட்டச் சொல்லி ஒரு சுவிட்சப் போட்டுத் தொலைங்க. எனக்கு மானம் போவுது.”

“அப்படிப் போடக் கூடாதும்பாங்க மல்லிகா.”

“யாரு சொன்னா? இந்த ஊர்ல பாதி வண்டிக்கு என் கடைச் சுவிட்சுதான்.”

இதைச் சொன்னது நான். நன்றாக நினைவிருக்கிறது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு சொன்னேன்.

ஒன்று மட்டும் இப்போது கேட்கத் தோன்றுகிறது. உச்சி வெயிலில் எரிகிற விளக்கைப் பார்த்து இத்தனை பேர் விரல் காட்டினார்களே, இருட்டில் விளக்கே இல்லாமல் கரும்பு ஏற்றிக்கொண்டு போகிற டிராக்டர் டிரெய்லரைப் பார்த்து ஒரு கையாவது உயர்ந்து நான் பார்த்திருக்கிறேனா? எரிகிற விளக்குதான் இவர்கள் கண்ணை உறுத்தும். எரியாத விளக்கு யாரையும் ஒன்றும் செய்யாது.

அட்டையில் தொங்கிய சாமான்

என் கடைக்கு வந்து கேட்கிற சாமான்களை வைத்தே இந்த ஊரின் புத்தியைச் சொல்லிவிடலாம்.

வெள்ளை வெளேர் என்று எரிகிற எல்.இ.டி. பல்பு கேட்பார்கள். “எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு கூசுமேப்பா” என்றால், “அவன் ஒதுங்கிப் போவட்டும்க்கா” என்பார்கள். பின் விளக்கின் மேல் ஒட்டுவதற்கு நடிகர் படம், சாதிப் பேர், சாமி பேர் கேட்பார்கள். சிவப்புக் கண்ணாடி முழுக்க மூடுகிற அளவில்தான் வேண்டும். இருட்டில் மின்னுகிற ஸ்டிக்கரை வாங்கிப் போய், பின்னால் ஒட்டவேண்டியதை அழகுக்காக முன் மட்கார்டில் ஒட்டிக்கொள்வார்கள்.

ஆயுத பூஜை, மாட்டுப் பொங்கல் வந்தால் ஹெட்லைட் கண்ணாடியில் மூன்று பட்டை விபூதி, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். அதைத் துடைக்கக் கூடாது. சாமிக்கு வைத்ததாம். மழைதான் வந்து கழுவ வேண்டும். அது வரைக்கும் வண்டி அரைக்கண்ணால்தான் பார்க்கும். எங்கள் வண்டிக்குச் சந்தனம் வைத்ததும் நான்தான். கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

நான் பாவாடை கட்டிய காலத்தில் தஞ்சாவூர் சாலையில் போலீஸ்காரர்கள் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக நிற்பார்கள். வருகிற லாரியை எல்லாம் நிறுத்தி, ஹெட்லைட்டின் மேல்பாதியில் கறுப்புப் பெயிண்ட் அடிப்பார்கள். எதிரே வருகிறவன் கண் கூசக் கூடாது என்பதற்காக. டிரைவர்கள் வாய் நிறையத் திட்டிக்கொண்டே அடுத்த ஊரில் நிறுத்தி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுப் போவார்கள். கண்ணாடியில் பெயிண்ட் இருந்தால் துடைப்பார்கள், சந்தனம் இருந்தால் துடைக்க மாட்டார்கள். இந்த ஜனங்களோடுதான் நானும் வளர்ந்தேன்.

ஹெட்லைட்டை அணைக்கிற சுவிட்ச் ஓர் அட்டைக்குப் பன்னிரண்டு வரும். சிவப்புப் பொத்தான். கடையில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டியிருந்தேன். பக்கத்து ஷெட்டில் வண்டி பார்க்கிற யூசுப் பாய்தான் எல்லாருக்கும் பொருத்திக் கொடுப்பார். எங்கள் வண்டிக்குப் போட்டபோது அவர் ஒரு வார்த்தை சொன்னார்.

“அக்கா, பொழுது எறங்குனா மறக்காமப் போடச் சொல்லுங்க.”

“மறக்குறதுக்கு அவரு என்ன சின்னப் புள்ளையா பாய்?” என்றேன்.

அவருக்கு ரோடு தெரிந்தது

அறுவடைக் காலத்தில் என் வீட்டுக்காரர் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் வேலை பார்ப்பார். வருகிற நெல்லைக் கையில் அள்ளி, மெஷினில் போட்டு ஈரம் பார்க்க வேண்டும். வண்டி மோதின அன்றைக்குக் காலையில் அஞ்சலை தன் நெல்லைக் கொண்டுவந்திருக்கிறாள். ஈரம் அதிகமாகக் காட்டியிருக்கிறது.

“இன்னும் ஒரு வெயில் காயணும்மா. காயவச்சு நாளைக்கு எடுத்துட்டு வாங்க” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அவளுக்கு என்ன களமா இருக்கிறது? வடவாற்றங்கரைத் தார் ரோட்டில்தான் கொட்டி, காலால் அளைந்து அளைந்து காயவைத்தாள். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் குவித்து, மேலே கறுப்புப் படுதா போட்டு மூட வேண்டும். இல்லாவிட்டால் பனியில் நனைந்து பழையபடி ஈரமாகிவிடும்.

ஆறரை மணிக்கு அவள் நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வயலில் அறுவடை மெஷின் ஓடுகிற சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழாது. அதனால் தலையைத் தூக்கி ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறாள். எந்தப் பக்கமும் வெளிச்சம் வரவில்லை. சரி என்று ரோட்டின் நடுவில் குனிந்து சிதறின நெல்லைக் கூட்டியிருக்கிறாள்.

மாசி மாதத்தில் அந்த நேரம் பொல்லாத நேரம். வானம் வெளிச்சமாக இருக்கும். தலைக்கு மேல் பார்த்தால் இன்னும் பகல் என்று தோன்றும். கரையில் மரத்துக்கு அடியில் ரோடு இருட்டிவிட்டிருக்கும். வண்டி ஓட்டுகிறவருக்கு எதிரே நீளமாக ரோடு தெரியும், விளக்குப் போட வேண்டும் என்ற நினைப்பே வராது. சுவிட்ச் இல்லாத வண்டியாக இருந்தால் அவர் நினைக்கவே வேண்டியதில்லை. விளக்கு தானாக எரிந்துகொண்டிருக்கும்.

அவரேதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். அது வரும் வரை ரோட்டிலேயே உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாராம். வீட்டுக்கு வந்தபோது சட்டையில் ரத்தமும் நெல்லும் ஒட்டியிருந்தன.

“லைட்டு போடல மல்லிகா” என்றார். “எனக்கு ரோடு தெரிஞ்சுது. அதான் போடல.”

அழுதுகொண்டிருந்த மனுஷனை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனாலும் கேட்டேன்.

“ஒங்களுக்கு ரோடு தெரிஞ்சுது. ரோட்டுல இருந்தவளுக்கு ஒங்களத் தெரிய வேணாமா?”

விளக்கு நாம் பார்ப்பதற்கு மட்டும் என்றுதான் அவரும் நினைத்திருந்தார், நானும் நினைத்திருந்தேன். இருபது வருடம் பல்பு விற்றவளுக்கு அந்த ராத்திரிதான் உறைத்தது.

கட்டிங் பிளேயர்

கடை வாசலுக்கு வருகிறேன்.

ஒவ்வொன்றாகச் செய்தோம். சந்தனத்தை ஈரத்துணியால் ஊறவைத்துத் துடைத்தேன். அடியில் கண்ணாடி புதிதுபோல இருந்தது. பின்னால் பல்பு மாற்றினேன். பிரேக்கை அமுக்கினால் சிவப்பு எரிகிறதா என்று பின்னால் நின்று பார்த்தேன். சைடு கண்ணாடி இரண்டையும் மாட்டினோம். யூசுப் பாய் பிரேக்கை இறுக்கி, ஹாரனைச் சரிபார்த்து, டயரில் காற்று பார்த்தார்.

பிறகு கடை ஷட்டரை இறக்கி, அதிலிருந்து பத்தடி தள்ளி வண்டியை நிறுத்தி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். வெளிச்சம் ஷட்டரில் மேலே ஏறிப்போய் விழுந்தது. இவ்வளவு நாளும் எங்கள் வண்டி எதிரே வருகிறவர்களின் கண்ணில்தான் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஹெட்லைட்டுக்கு அடியில் இருக்கிற ஸ்க்ரூவைத் திருகித் திருகி, டிம் போட்டால் வெளிச்சம் தரையைப் பார்க்கிற மாதிரி இறக்கினார்.

இத்தனைக்கும் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. மூன்று நாள் முன்னால் இந்த அரை மணி நேரம் எங்கே போயிருந்தது? இப்போது ஒரு உத்தியோகஸ்தர் பார்க்கப் போகிறார் என்றதும், அந்த ஜில்லாவிலேயே பத்திரமான வண்டியாக அதை ஆக்கிவிட்டோம். அஞ்சலை படுத்திருக்கிறாள், நாங்கள் வண்டிக்கு அலங்காரம் செய்துகொண்டிருக்கிறோம்.

பாக்கி அந்தச் சுவிட்ச்.

“அதையும் எடுத்துருங்க பாய்” என்றார் அண்ணன். “நேரா கனெக்ஷன் குடுத்துருங்க. சோலி முடிஞ்சுது.”

யூசுப் பாய் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். “நாளைக்கு எடுத்துத் தரேண்ணே. இன்ஸ்பெக்டர் பாத்துட்டுப் போன பெறகு.”

“அப்பறம் எடுத்து என்ன புண்ணியம்?”

“அதான் நானும் சொல்றேன். வண்டி ஓட்டுறதுக்குன்னா இப்பவே எடுப்பேன். நீங்க கேக்குறது அதுக்கில்ல.”

“பாய், இந்தச் சுவிட்சப் போட்டதே நீங்கதானே. அது வெளிய வந்தா ஒங்களுக்கு நல்லதா?”

“நான்தான் போட்டேன். யாராச்சும் கேட்டா அதையும் சொல்லுவேன்” என்றார் பாய். அதற்கு மேல் அவர் அங்கே நிற்கவில்லை. ஷெட்டுக்குள் போய்விட்டார்.

ஷட்டரைத் தூக்கியதும் கடைக்குள் போன என் வீட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து, தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று உள்ளே போனேன். எடுக்காதே என்று சொன்னால் நான் எடுத்திருக்க மாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன்.

“என்னங்க செய்யட்டும்?”

“மச்சான் சொல்றபடி செய்யி.”

யார் எது சொன்னாலும் தலையாட்டுகிற சுபாவம் அப்போதும் அவரை விடவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் மேல் கோபம், அண்ணன் மேல் கோபம், யோக்கியமாக உள்ளே போய்விட்ட பாய் மேல்கூடக் கோபம். அந்தக் கோபத்தோடு கட்டிங் பிளேயரை எடுத்தேன்.

இரண்டு ஒயரையும் வெட்டி, சுவிட்சைக் கழற்றி, முனைகளை முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றினேன். ஹேண்டில்பாரில் அது உட்கார்ந்திருந்த தடத்தைப் பெட்ரோல் துணியால் தேய்த்தேன். சுற்றின டேப் மட்டும் புதிதாகப் பளபளவென்று இருந்தது. அதன் மேல் கொஞ்சம் கிரீஸைத் தடவி, கீழே இருந்த மண்ணை எடுத்துப் பூசினேன். பழைய டேப் மாதிரி ஆகிவிட்டது.

மண்ணைப் பூசச் சொல்லி அண்ணன்கூடச் சொல்லவில்லை. எனக்கே தோன்றியது.

காகிதத்தில் எழுதியது

மறுநாள் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். ஸ்டார்ட் செய்யச் சொன்னார், விளக்கு எரிந்தது. பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார், பிடித்தது. அவர் முன்னால் இருந்த வண்டியைப் பற்றி அவர் எழுதியது அத்தனையும் உண்மை.

அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு என் அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆப்பிள் வாங்கிக்கொண்டுதான் போனார். அஞ்சலையின் புருஷனை வெளியே கூப்பிட்டு, “லைட்டு எரியுதுன்னு எழுதியாச்சு தம்பி. இனிமே நீங்க இழுத்தா, ரோட்ட மறிச்சு நெல்லு போட்டதுக்கு ஒங்க மேலதான் திரும்பும்” என்று பக்குவமாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் பயந்துபோய்ப் புகாரை வாபஸ் வாங்கினான். அஞ்சலை மட்டும் படுக்கையில் கிடந்தபடி, “லைட்டு வரல, நான் பாத்தேன், வரல” என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

“மருந்து மயக்கம்” என்றார் அண்ணன் எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டே.

என் வீட்டுக்காரர் வேலைக்குத் திரும்பினார். வண்டியில் விளக்கு பகலிலும் எரிந்தது. கடையில் தொங்கின சுவிட்ச் அட்டைகளைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். போட்டதும் பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பை இப்போது எண்ணினால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. அஞ்சலையால் குனிய முடியாது, சேற்றில் இறங்க முடியாது என்று அந்த ஒரு ஏக்கரை நிலத்துக்காரர் வேறு ஆளுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார். அதுவும் என் காதுக்கு வந்தது. வந்தும் கடையைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

கண் முகாம்

ஆடியில் வடவாற்றில் தண்ணீர் வந்த பிறகு ஒரு நாள் காலை, கடை வாசலில் ஒரு கைத்தடி முதலில் தெரிந்தது. பின்னால் அஞ்சலை. படி ஏற முடியாமல் நின்றாள். நான் ஓடிப்போய்க் கையைக் கொடுத்தேன். அவள் பிடிக்கவில்லை. தானாகவே ஏறினாள்.

என் வீட்டுக்காரரும் உள்ளே இருந்தார்.

“சண்டைக்கு வரலக்கா” என்றாள். “ஒன்னே ஒன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

“உக்காரும்மா.”

உட்காரவில்லை. “பள்ளிக்கூடத்துல கண் முகாம் போட்டாங்க. போயி, எனக்குக் கண்ணு கெட்டுப்போச்சு, பாருங்கன்னேன். எழுத்த வச்சு, லைட்ட அடிச்சு, எல்லாம் பாத்துட்டு கண்ணு சுத்தமா இருக்கும்மாங்குறாங்க. கண்ணு நல்லாருக்குன்னா, அன்னைக்கு ஒங்க வண்டி லைட்டு ஏன் எனக்குத் தெரியல?”

நான் கல்லா மேல் கிடந்த பல்புகளை அடுக்கத் தொடங்கினேன்.

“புத்தி பெரண்டுபோச்சுன்னு எங்க வீட்டுக்காரரே சொல்றாரு. இப்பல்லாம் பொழுதுபோனா வாசலத் தாண்ட மாட்டேன். ரோட்டத் தாண்டணும்னா யாரு கையயாச்சும் புடிச்சுக்குறேன். வண்டி வருதா வரலையான்னு எனக்கே என் மேல நம்பிக்க இல்ல. சொல்லுங்கக்கா. லைட்டு எரிஞ்சுதா?”

“எரிஞ்சுதும்மா” என்றார் என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து. மெதுவாக, மரியாதையாகச் சொன்னார்.

“எரியல” என்றேன் நான்.

சுவிட்ச் போட்டதையும், அதை வெட்டி எடுத்ததையும், மண் பூசினதையும் சொன்னேன். எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவள் முகம் கறுத்துக்கொண்டே போனது.

“ஆறு மாசமா நான் கிறுக்கச்சின்னு நானே நம்பிக்கிட்டுக் கெடந்தேன். நீங்க இங்க ஒக்காந்து பல்பு வித்துக்கிட்டு இருந்துருக்கீங்க.”

“தப்புத்தான் அஞ்சல. என்ன வேணாலும் கேளு.”

“எங்கிட்டச் சொல்லி என்னத்துக்காவுது? பொய்ய எங்க காட்டுனீங்களோ அங்க வந்து சொல்லுங்க.”

“மல்லிகா” என்று கூப்பிட்டார் என் வீட்டுக்காரர். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டிச் சாவியை எடுத்தேன். அஞ்சலை தலையை ஆட்டினாள்.

“அந்த வண்டியில ஏற மாட்டேன். பஸ்ஸுல போவோம்.”

ஸ்டேஷனில் ஏட்டு ஒருவர் மட்டும் இருந்தார். ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து என் கையாலேயே எழுதினேன். அன்றைக்கு விளக்கு எரியவில்லை, அணைக்கிற சுவிட்சைப் போடச் சொன்னது நான், விற்றது நான், சோதனைக்கு முதல் நாள் வெட்டி எடுத்ததும் நான் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். மிரட்டவில்லை, திட்டவில்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

“முடிஞ்சுபோன கேசும்மா. வாபஸே வாங்கியாச்சு. இப்ப இத வச்சு நாங்க என்ன பண்றது?”

தடியை ஊன்றிக்கொண்டு அஞ்சலை மேஜைக்கு முன்னால் போனாள்.

“எனக்குக் கண்ணு தெரியும்னு ஒரு காயிதத்துலயாச்சும் இருக்கட்டும் சார். வாங்கி உள்ள வைங்க.”